பூட்டிய வீட்டுக்கு ஒரு குருவி: கற்பனைப் பறவையை உருவாக்கும் செய்முறை

கதைக்காகவோ படக்கதைக்காகவோ ஒரு பறவையை உருவாக்கச் சொன்னால், புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் தொடுகிறார்கள். நீலச் சிறகு, பொன்னிற வால், இருட்டில் மின்னும் கண், முடிந்தால் வாயிலிருந்து கொஞ்சம் நெருப்பு. அட்டைப்படத்துக்கு அது போதும். ஆனால் அந்தப் பறவை என்ன தின்னும், எங்கே தூங்கும், எதைக் கண்டால் ஓடும் என்று கேட்டால் பதில் இருக்காது.

நம் பழைய பாட்டுகளில் வரும் பறவைகளைப் பாருங்கள். சகோரம் நிலவொளியைக் குடிக்கும். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். மகன்றில் தன் ஜோடியை விட்டுக் கணமும் பிரியாது. அவற்றின் வால் எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாது. பழக்கம் மட்டும்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறது. பழக்கம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு எழுதிவிடலாம். நூறு பக்கக் கதைக்கு உடம்பும் வேண்டும்.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுப் பேரேடு மாதிரி பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று. பறவைக்கு எந்தத் திறமையைக் கொடுத்தாலும் வரவில் எழுதி, அதற்காக அது எதை இழக்கிறது என்று பற்றில் எழுத வேண்டும். பற்று காலியாக இருந்தால் அந்தத் திறமையை அடித்துவிடுங்கள். இந்தச் செய்முறையில் விதி என்று இருப்பது இது ஒன்றுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பறவையை நாமே செய்வோம். பெயர் பூட்டுக்குருவி. இப்படி ஒரு பறவை எங்கும் கிடையாது. ஆனால் அது வாழும் வீடும் வெயிலும், நடுவில் ஒப்பிடுவதற்காக வரும் மற்றப் பறவைகளும் நிஜம்.

படி 1: இடத்தை முடிவு செய்யுங்கள்

‘காடு’ என்று எழுதாதீர்கள், அதில் எதுவும் இல்லை. உங்களுக்குக் கைபோல் தெரிந்த ஓர் இடம் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்தில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக்கிடக்கும் ஒரு பெரிய வீடு. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். உள்ளே வளவு என்கிற உள்கட்டு, நடுவே வானம் பார்த்த முற்றம், மேலே கம்பி. சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள், சுண்ணாம்புச் சாந்துச் சுவர், காலுக்குக் குளிர்ச்சியான ஆத்தங்குடிக் கல் தரை. அதற்கப்பால் இரண்டாங்கட்டு, அடுப்படி. வாரத்துக்கு ஒருமுறை கூட்டிப் பெருக்க ஓர் அக்கா வருவார், அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்தவுடனே மூன்று விஷயம் தெரிந்துவிடுகிறது. வெளியே கடும் வெயில், உள்ளே குளிர்ச்சி. முற்றத்தில் வெளிச்சம், அறைகளில் இருட்டு. மனிதர்கள் அபூர்வம், ஆனால் வந்தால் மொத்தமாக வருவார்கள். பூட்டுக்குருவியின் உடம்பு முழுக்க இந்த மூன்றிலிருந்துதான் வரப்போகிறது.

படி 2: எடையும் சாப்பாடும்

சிட்டுக்குருவி ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் இருக்கும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. பூட்டுக்குருவிக்கு 11 கிராம் வைப்போம், சாளரக் கம்பிக்குள் நுழைய வேண்டுமே.

எடை குறைந்தால் பசி கூடும். சின்ன உடம்புக்குள் சூடு தங்காது, அதனால் ஓயாமல் தின்ன வேண்டியிருக்கும். பூட்டிய வீட்டில் தானியம் கிடைக்காது. சிலந்தி, அந்துப்பூச்சி, கொசு, கரப்பான் குஞ்சு, மழை விட்டதும் கிளம்பும் ஈசல் இவைதான் சாப்பாடு. அதற்கேற்ற அலகு மெல்லியதாக, நுனி லேசாக வளைந்து, தூணின் தலைப்பகுதியான போதிகையின் மரச்செதுக்கு இடுக்குக்குள் போகிற மாதிரி இருக்கட்டும். பற்றில் எழுதுங்கள்: இந்த அலகால் ஒரு நெல்லைக்கூட உடைக்க முடியாது. மாசி, பங்குனியில் பூச்சி குறைந்தால், விடியற்காலையில் தெரு வேம்புக்குப் போய்ப் பூவில் மொய்க்கும் பூச்சியைப் பொறுக்கித்தான் ஆக வேண்டும். அங்கே காக்கை இருக்கிறது. கதைக்கு முதல் ஆபத்து கிடைத்துவிட்டது.

படி 3: வெயிலை என்ன செய்யப்போகிறது?

அவசரப்படாமல் உட்கார்ந்து எழுத வேண்டிய படி இது. நம் ஊர் எழுத்தாளர்களே இதை விட்டுவிடுவதுதான் எனக்குப் புரியவில்லை. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் பறவை காலை முதல் மாலை வரை பாடிக்கொண்டே பறக்கிறது!

பறவையின் உடல்சூடு நம்மைவிட அதிகம், 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். வியர்வைச் சுரப்பி கிடையாது. சூடு ஏறினால் வாயைத் திறந்து இரைக்கும். அந்த மூச்சோடு ஈரம் வெளியேறித்தான் உடம்பு ஆறும். மதியம் மதில்மேல் வாய் பிளந்து நிற்கும் காக்கையைப் பார்த்திருப்பீர்கள். இரைத்தால் தண்ணீர் செலவாகும். பூட்டிய வீட்டின் முற்றத்தில் ஆவணி வரைக்கும் பெரிதாகத் தண்ணீர் நிற்காது.

அதனால் பூட்டுக்குருவிக்கு வேறொரு வழி வேண்டும். நிஜப் பறவைகளிடமே இதற்கான கருவி இருக்கிறது. அடைகாக்கும் காலத்தில் பல பறவைகளுக்கு வயிற்றில் ஒரு பகுதி இறகு உதிர்ந்து, அந்தத் தோலில் ரத்த ஓட்டம் கூடிவிடும். முட்டைக்கு நேராகச் சூடு போவதற்கான ஏற்பாடு அது. இதைத் தலைகீழாகத் திருப்புங்கள். பூட்டுக்குருவிக்கு, ஆணோ பெண்ணோ, வருஷம் முழுக்க வயிற்றில் கால்ரூபாய் அளவுக்கு இறகில்லாத ஒரு திட்டு. உச்சிவெயிலில் அது வளவின் தரைக்கு இறங்கி, நிழலில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லாகப் பார்த்து, கால் இரண்டையும் ஒதுக்கி, சிறகைக் கொஞ்சம் அகட்டி, வயிற்றைக் கல்லோடு ஒட்டிப் படுத்துவிடும். உடம்பைவிடக் கல் குளிர்ச்சி, சூடு கீழே இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சூடேறியதும் எழுந்து அடுத்த கல்லுக்கு நகரும். இப்படியே மதியம் முழுக்கப் பூக்கோலம் போட்ட தரையில் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டிருக்கும். படம் வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

பற்றில் என்ன எழுதுவது? மார்கழிப் பனியில் அதே திட்டு வழியாகச் சூடு வெளியேறும். தனியாகத் தூங்கினால் விடியும்போது விறைத்துவிடும். எனவே இரவில் ஏழெட்டுக் குருவிகள் ஒரே உத்தரத்தில் உடம்போடு உடம்பு ஒட்டி, வரிசையாக உட்கார வேண்டும். தவிட்டுக்குருவிகள் இப்படித்தான் நெருக்கி அடித்துத் தூங்குகின்றன, அதிசயமே இல்லை. ஓரத்து இடம் குளிர். நடு இடம் கதகதப்பு. யாருக்கு நடு இடம் என்று தினமும் சாயங்காலம் ஒரு தகராறு நடக்கும். பாருங்கள், வெயிலில் தொடங்கியது கூட்டத்தின் ஏற்றத்தாழ்வில் வந்து நிற்கிறது. கூட்டமாக வாழும் பறவை என்று நாம் முடிவு செய்யவே இல்லை, வயிற்றுத் திட்டு முடிவு செய்தது.

பகலில் தரையில் படுப்பதால் பூனைக்கும் கொண்டாட்டம். ஒன்று மட்டும் படுக்காமல் தூண் மேல் காவல் இருக்க வேண்டும். வெயிலில் வெந்துகொண்டு காவல் காக்கும் அந்த ஒன்றுக்கு இரவில் நடு இடம் என்று வைத்தால் தகராறும் ஒரு முறைக்கு வந்துவிடும்.

படி 4: சிறகும் காலும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நீண்டு குறுகிய அரிவாள் சிறகு உழவாரன் என்ற பறவைக்கு, வேகத்துக்கும் தூரத்துக்கும் ஆனது. தையல்சிட்டுடையது குட்டையாக, உருண்டு இருக்கும். நெருக்கமான இடத்தில் சட்டென்று திரும்பலாம். தூண்களுக்கு நடுவே பறக்கிற பறவைக்கு இரண்டாவதுதான். பற்று: தூரம் போக முடியாது. அதன் உலகம் ஒரு தெரு, மிஞ்சினால் இரண்டு தெரு. உழவாரனுக்கு நான்கு விரலும் முன்பக்கம் திரும்பி, சுவரில் தொற்ற மட்டுமே உதவும். நம் குருவி தரையில் நடக்க வேண்டும், அதனால் சாதாரணக் குருவிக் கால், முன்னே மூன்று பின்னே ஒன்று.

படி 5: இருட்டும் குரலும்

இருட்டறை இருப்பதால் வௌவால்போல எதிரொலி கேட்டுப் பறக்கும் திறமையைக் கொடுக்க ஆசை வரும். கொடுக்கலாம், ஆனால் அளவாக. பறவைகளிலும் இது உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலைக் குகைகளில் வாழும் ஒருவகைச் சிறு உழவாரன் நம் காதுக்கே கேட்கும் சொடுக்கு ஒலி எழுப்பி இருட்டில் வழி கண்டுபிடிக்கிறது. அந்த ஒலிக்குச் சுவரும் பாறையும் தெரியும். பறக்கும் கொசுவைக் காட்டும் நுணுக்கம் அதில் இல்லை, அது வௌவாலுக்குத்தான்.

பூட்டுக்குருவியும் அப்படியே. முற்றத்து வெளிச்சத்தில் வேட்டை, இரண்டாங்கட்டு இருட்டில் வழி தேட மட்டும் ‘டிக், டிக்’. பழைய பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். பற்று: சத்தம் போடாமல் இருட்டில் பறக்க முடியாது. அட்டத்தில், அதாவது பரணில், உட்கார்ந்திருக்கும் புள்ளி ஆந்தைக்கு அது சாப்பாட்டு மணி.

மற்றக் குரல்களை அதிகமாக்காதீர்கள். எச்சரிக்கைக்கு ஒன்று, இரவு வரிசைக்கு அழைக்க ஒன்று, குஞ்சு பசிக்குக் கத்துவது ஒன்று போதும்.

படி 6: கூடு, முட்டை, குஞ்சு

எங்கே கூடு கட்டும்? பட்டாலை என்கிற கூடத்துச் சுவரில் ஐயாவும் ஆச்சியும் இருக்கும் பெரிய படங்கள் முன்பக்கம் சாய்த்து மாட்டப்பட்டிருக்கும். படத்துக்கும் சுவருக்கும் நடுவே மேலே அகன்று கீழே குறுகிய ஓர் இடைவெளி. சிட்டுக்குருவிக்கு வெகுகாலமாகத் தெரிந்த இடம் இது. நாமும் அதையே எடுத்துக்கொள்வோம். தேங்காய் நார், திரிநூல், அதைக் கட்ட ஒட்டடை. சிலந்தி நூலைக் கூட்டுக்குப் பயன்படுத்துவது தேன்சிட்டின் கைவேலை. இழுத்தால் நீளும், சட்டென்று அறாது.

முட்டை இரண்டு. நிறம் வெள்ளை. பொந்திலும் இருட்டிலும் முட்டையிடும் பறவைகளுக்குப் புள்ளி வேஷம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, இருட்டில் யாரிடமிருந்தும் ஒளித்துவைக்க வேண்டியதில்லையே. முட்டை ஓட்டுக்கு நிறையச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். கோழி வளர்க்கிறவர்கள் கிளிஞ்சல் தூள் வைப்பது அதற்குத்தான். நம் பெண்குருவிக்கு அது சுவரிலேயே இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து காற்றுப்பட்டு இறுகும்போது கால்சியம் கார்பனேட் ஆகிறது. முட்டை ஓடும் பெரும்பங்கு அதே பொருள்தான். புரட்டாசி முடிவில் பெண்குருவி சாந்து உதிர்ந்த மூலையாகப் பார்த்துக் கொத்தும். செட்டிநாட்டுச் சாந்துப் பூச்சில் வெள்ளைக்கரு சேர்ப்பார்கள் என்பதை நினைத்தால் வேடிக்கை: முட்டை சுவருக்குள் போய், சுவர் திரும்பவும் முட்டைக்குள் வருகிறது.

ஏன் புரட்டாசி? ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு அடைமழை. ஈசல் கிளம்பும் நேரத்தில் குஞ்சு வாய் திறந்திருக்க வேண்டும். அடைகாக்க 13 நாள் என்று வைப்போம், சிட்டுக்குருவிக்கும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஐப்பசியில் தீபாவளி வருகிறது. வெடிச்சத்தத்துக்குக் கூட்டை விட்டு ஓடும் குருவியை எழுதுங்கள். பக்கத்திலேயே வேறு கதையும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடியில் 1977இல் பறவைகள் சரணாலயம் வந்தது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. உங்கள் குருவி எந்த ஊரில் பிறந்தது என்பதே அதன் விதியாகிவிடும்.

குஞ்சு கண் திறக்காமல், இறகில்லாமல் பிறக்கும். இருட்டில் தாய்க்கு வாய் தெரிய வேண்டுமே? ஆஸ்திரேலியாவில் ஒரு தினைக்குருவி இனத்தில் குஞ்சின் வாயோரத்தில் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் சின்ன மணிகள் இருக்கின்றன. அதை இரவல் வாங்கலாம். அப்புறம் எச்சம். பறவைக்குச் சிறுநீர் தனியாகப் போகாது, வெள்ளைக் களியாக எச்சத்தோடு வரும். படத்துக்குக் கீழே வெள்ளைக் கோடு விழுந்தால் கூட்டுகிற அக்கா ஒட்டடைக் கம்போடு வந்துவிடுவார். பல சின்னப் பறவைகளின் குஞ்சுகள் எச்சத்தை மெல்லிய பைபோலப் போட, தாய் அதைக் கவ்விக்கொண்டுபோய்த் தூரத்தில் எறிந்துவிடும். பூட்டுக்குருவி அதை முற்றத்துக்கு வெளியே போடும், பெரும்பாலும் அடுத்த வீட்டு ஓட்டில்.

படி 7: ஒருநாள் கதவு திறக்கட்டும்

இதுவரை எழுதியதைச் சோதிக்க, பறவையின் வழக்கத்தை உடைக்கும் ஒரு சம்பவத்தைக் கொண்டுவாருங்கள். பூட்டுக்குருவிக்கு அது படைப்பு, அதாவது பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையல் வைக்கும் நாள். பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்குகிறார்கள், வீடு முழுக்க விளக்கு, அடுப்படியில் புகை, மதியம் படுக்கும் தரையில் பந்தி. இப்போது பேரேட்டைப் பாருங்கள். தரை போனது, ஆக இரைக்க வேண்டும்; இரைத்தால் தண்ணீர் வேண்டும்; அண்டாவில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் பக்கத்திலேயே பிள்ளைகள். சிறகு குட்டை, அதனால் இரண்டு தெருவுக்கு மேல் போக முடியாது. அந்த இரண்டு தெருவுக்குள் பூட்டிய வீடு இன்னொன்று இருக்க வேண்டும். இருந்த ஒன்றையும் போன வருஷம் இடித்து, தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டது என்றால்? நீங்கள் கதையைத் தேட வேண்டாம், உங்கள் நோட்டே எழுதிக்கொடுக்கும்.

படி 8: ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்

கடைசியாக, பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் நோட்டைக் காட்டிக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் ‘நல்லா இருக்கு’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் குருவியைப் படித்த என் அக்கா மகள், “மாமா, பல்லியும் படத்துக்குப் பின்னாடிதானே முட்டை போடும்? அப்ப ரெண்டுக்கும் சண்டை வராதா?” என்றாள். வரும். குருவியின் அலகுக்குப் பல்லி முட்டை உடையுமா, பல்லி குருவிக் குஞ்சைத் தொடுமா, இரண்டும் ஒரே கொசுவுக்குத்தானே அலைகின்றன என்று வரவும் பற்றுமாகப் புதிதாக ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.