பினாங்கில் இரண்டு நாள்: வயிற்றைக் கேட்டுத் திட்டமிடுங்கள்

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு முதன்முறை போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பட்டியல் போட்டுவிட்டு, சாப்பாட்டைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கோயிலும் கோட்டையும் எங்கும் ஓடிவிடாது. காலைக் கடைக்காரரின் பானையோ மதியத்துக்குள் காலியாகிவிடும்.

1. பழைய நகருக்குள்ளேயே அறை எடுங்கள். 2008இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பகுதி இது. பெரும்பாலும் நடந்தே சுற்றலாம், கால் வலித்தால் இலவச 'கேட்' பஸ் இருக்கிறது.

2. ஒரு கடை, பெரும்பாலும் ஒரே பதார்த்தம் என்பதுதான் இங்கே வழக்கம். வார விடுமுறையும் கடைக்குக் கடை மாறும். நாளை எந்தக் கடை திறந்திருக்கும் என்று விடுதியில் முந்தின இரவே கேட்டுவிடுங்கள்.

3. கோப்பிதியாமில், அதாவது பல தள்ளுவண்டிகள் ஒரே கூரையின் கீழ் நிற்கும் காப்பிக் கடையில், முதலில் மேசையைப் பிடியுங்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, வேண்டிய தள்ளுவண்டியில் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். தட்டு வந்ததும் அங்கேயே காசு கொடுக்கலாம். பானம் விற்பவர் உங்களைத் தேடி வருவார். பொதுவாக இடம் அவருடையது, மற்றவர்கள் வாடகைக்கு அடுப்பு போட்டவர்கள். எனவே ஒரு பானமாவது வாங்குவதுதான் மரியாதை. 'கோப்பி ஓ' என்றால் சர்க்கரை போட்ட கறுப்புக் காப்பி. சர்க்கரை வேண்டாமென்றால் கூடவே 'கோசோங்' என்று சொல்லுங்கள்.

சார் குவே தியாவ் சொன்னால் காத்திருக்கத் தயாராக இருங்கள். கைதேர்ந்தவர் மொத்தமாக வறுத்துக் குவிப்பதில்லை. கொதிக்கும் இரும்புச் சட்டியில் அகன்ற அரிசி நூடுல்ஸ், இறால், முளைப்பயறு, முட்டை என்று ஒவ்வொரு தட்டாக வறுப்பார். அந்தக் கருகல் மணத்துக்குத்தான் வரிசை. இருவருக்கு ஒரு தட்டு போதும், அடுத்த கடைக்கும் வயிற்றில் இடம் வேண்டுமே.

4. நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த சாப்பாடு, பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். பல குழம்புகளைக் கலந்து சோறு மிதக்க ஊற்றச் சொல்லுங்கள், தனித்தனியாகக் கேட்பது வீண். ஆனால் பெரிய இறாலையும் மீன் சினையையும் கை காட்டுமுன் விலையைக் கேளுங்கள். பில் எகிறுவது அங்கேதான்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இறைச்சி இல்லாத நூடுல்ஸிலும் பன்றிக் கொழுப்போ இறால் விழுதோ இருக்கலாம். லிட்டில் இந்தியாவின் வாழையிலைச் சாப்பாடே நிம்மதி.

5. உண்ட களைப்புக்கு நடை. செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் (1818), சீனர்களின் குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நான்கும் ஒரே தெருவை ஒட்டி இருக்கின்றன. அங்கிருந்து சிறிது தூரத்தில் ஆர்மேனியன் ஸ்ட்ரீட். நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து 2012இல் வரைந்த குழந்தைகள் ஓவியத்துக்கு எப்போதும் கூட்டம்தான். கடலோரம் மரக்கால்களில் நிற்கும் சியூ ஜெட்டி வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

6. இரண்டாம் நாள் விடிந்ததும் பினாங்கு மலை. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலுக்கு வெயில் ஏறியதும் வரிசை நீண்டுவிடும். இறங்கியதும் பக்கத்திலுள்ள கெக் லோக் சி கோயிலைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு ஆயர் ஈத்தாமில் அசாம் லக்சா என்ற நூடுல்ஸ் சாப்பிடுங்கள். அதன் புளிப்பான மீன் சாற்றோடு வரும் கறுப்பு இறால் விழுதை ஒரேயடியாகக் கலக்க வேண்டாம், கரண்டி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ருசி பாருங்கள்.