மீடியம் வேவ் லூப் ஏரியல்: கட்டுபவர்கள் தவறும் இடங்கள்

தூர மீடியம் வேவ் (ஏ.எம்.) நிலையங்களைப் பிடிக்கும் லூப் ஏரியலுக்காக மரச்சட்டத்தில் கம்பி சுற்றி முடித்ததும் பலர் முதலில் செய்வது, சத்தம் எந்தப் பக்கம் அதிகம் என்று தேடி லூப்பைத் திருப்புவது. அங்கேதான் பாதை மாறிவிடுகிறது. லூப்பின் உச்சம் மிக அகலமானது. சட்டத்தின் விளிம்பு நிலையத்தின் திசையிலிருந்து 60 டிகிரி விலகினால்தான் சிக்னல் பாதியாகும்; அதையும் ரேடியோவின் ஏ.ஜி.சி. (சத்தத்தைத் தானே சமன்செய்யும் சர்க்யூட்) ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆனால் சட்டத்தின் முகப்பு நிலையத்தை நேராகப் பார்க்கும்போது வருகிற மௌனப் புள்ளி அவ்வளவு கூர்மை, சில டிகிரி நகர்ந்தாலே போய்விடும். தூர நிலையம் தேடுபவருக்கு இந்தப் புள்ளிதான் சொத்து. சென்னையில் இருப்பவர் 720 கிலோஹெர்ட்ஸில் வரும் உள்ளூர் நிலையத்தை அதில் வைத்து அமுக்கினால்தான் பக்கத்தில் 711, 729 இரண்டிலும் யார் பேசுகிறார்கள் என்று தேட முடியும். பொறுமையாக, மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். சட்டத்தைச் சற்றுச் சாய்த்தும் பாருங்கள். இரவில் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டு வரும் அலைகளுக்கு இந்த மௌனம் பகலில் கிடைப்பதுபோல் ஆழமாக இருக்காது.

இதைக் கெடுப்பது, ரேடியோவை மேசையிலேயே விட்டுவிட்டு லூப்பை மட்டும் திருப்புவது. ரேடியோவின் உள்ளே இருக்கும் ஃபெரைட் ராடும் (கம்பி சுற்றிய கறுப்புத் தண்டு) ஒரு ஏரியல்தானே! அது தன் பங்குக்கு உள்ளூர் நிலையத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சட்டத்திலேயே ஒரு சின்னப் பலகை அடித்து, ஃபெரைட் ராட் சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி ரேடியோவை வையுங்கள். இரண்டும் சேர்ந்து திரும்பட்டும். லூப்பின் கம்பியை நீட்டு ஏரியலில் கிளிப் போட்டு மாட்டுவதால் பயனில்லை. பெரும்பாலான செட்களில் அது எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும் மட்டும்தான்.

அடுத்தது, லூப்பை நிலையத்துக்கு டியூன் செய்யும் கண்டன்சர். பழைய பாக்கெட் ரேடியோவில் கழற்றிய பிளாஸ்டிக் கேங்கில் (திருகி அளவை மாற்றும் கண்டன்சர்) பெரும்பாலும் 140, 60 பிக்கோஃபாரட் அளவில் இரண்டு பகுதிகள்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்தாலும் மீடியம் வேவின் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை முழுதாக ஓட்ட முடியாது. வால்வு ரேடியோவின் 500 பிக்கோஃபாரட் கேங் கிடைத்தால் 60 செ.மீ. சதுரச் சட்டத்துக்குச் சுமார் 12 சுற்று போதும், 365 என்றால் 14. சுற்றுகளுக்கு நடுவே 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். நெருக்கிச் சுற்றினால் கம்பிகளுக்கு இடையிலேயே கண்டன்சர் உருவாகி, 1400-க்கு மேல் டியூன் ஆகாமல் நின்றுவிடக்கூடும். சுற்று கூடிப்போனாலும் இதே கதிதான். ஒரு சுற்றைக் கழற்றிப் பாருங்கள், சரியாகிவிடும். கேங்கின் தண்டில் கை பட்டாலே டியூனிங் நகரும்; அதற்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ் போதும்.

சட்டத்துக்கு அலுமினியக் குழாய் வேண்டாம். நான்கு பக்கமும் மூடிய உலோகச் சட்டம் ஷார்ட் ஆன ஒரு சுற்றாக மாறி சிக்னலைத் தின்றுவிடும். இரும்புக் கட்டில், பீரோ, ஜன்னல் கிரில் பக்கத்தில் வைப்பதும் நல்லதல்ல.

அப்புறம் இரைச்சல். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் இந்த அலைவரிசையில் கரகரக்கும். குற்றவாளி யார் என்று தெரிய, பேட்டரியில் ரேடியோவை ஓட்டி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பாருங்கள். தெருவுக்கே கரண்ட் போன ராத்திரி கிடைத்தால் லூப்பை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.