செர்ரி இறாலின் சிவப்பை மெருகேற்றும் முறை

மீன்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் சிறு நன்னீர் இறாலான செர்ரி இறாலின் மூல இனமான நியோகாரிடினா டேவிடி, ஓடைகளில் பழுப்பு கலந்த, கண்ணாடி போன்ற உடலுடன்தான் வாழ்கிறது. கடையில் நாம் காணும் சிவப்பு, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தது. தேர்வைக் கைவிட்டால் அது படிப்படியாக வெளிறிவிடும்.

மஞ்சள், நீலம், சிவப்பு எனப் பல பெயர்களில் விற்கப்படுபவை பெரும்பாலும் இதே இனம்தான் என்பதால், அவற்றை ஒரே தொட்டியில் விட்டால் தம்முள் கலந்து பழுப்புக் குஞ்சுகளையே அதிகம் ஈனும். எனவே ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் போதும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் (பஞ்சு வழியே நீரை வடிகட்டும் கருவி), கரிய மணல், 22 முதல் 25 டிகிரி வெப்பம் ஆகியவற்றுடன், நிறம் போதாமல் கழிக்கப்படும் இறால்களுக்கென இன்னொரு தொட்டியும் தொடக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும்.

தேர்வில் பலரும் சறுக்குவது ஆண் இறால்களிடம்தான். பெண் உருவத்தில் பெரியது, வயிற்றுப்புறம் வளைந்தது, நிறமும் அடர்ந்தது. ஆகவே கண் அதன்மீதே நிற்கிறது. ஒல்லியாகவும் வெளிறியும் இருக்கும் ஆண்களை எல்லாம் ஒன்றுபோலக் கருதி அப்படியே விட்டுவிடுகிறோம். ஆனால் குஞ்சின் மரபில் பாதி ஆணுடையது என்பதால், ஆண்களுக்குள் சற்றேனும் அடர்ந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிரிப்பதே பலன் தரும். பெண்ணில் முதுகைவிடக் கால்களைப் பாருங்கள்: கால்கள் வரை சிவப்பு இறங்கியிருந்து, பின்னாலிருந்து கைவிளக்கு அடித்தாலும் ஓட்டில் ஒளி ஊடுருவாமல் இருந்தால் அது முதல் தரம்.

ஏறத்தாழ மூன்று மாத வயதுக்கு முன் தரம் பிரிப்பது வீண். வலையில் பிடித்து வெள்ளைக் கிண்ணத்தில் விட்டவுடன் முடிவெடுப்பதும் தவறு. வெளிர்ந்த தரையும் பதற்றமும் நல்ல இறாலையும் வெளிறச் செய்யும். அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி கலந்த தீவனம் நிறத்தைத் தூக்கிக் காட்டுமே தவிர அந்த மெருகு குஞ்சுகளுக்குப் போகாது. ஆகையால் ஒப்பிடும் இறால்கள் அனைத்துக்கும் ஒரே தீவனமும் ஒரே வெளிச்சமும் வேண்டும்.

சினைப்பட்ட பெண் முட்டைகளை மூன்று, நான்கு வாரங்கள் வயிற்றுக்கடியில் சுமக்கும். தரம் பிரிக்கக் காத்திருக்கும் மூன்று மாதத்தையும் இதனுடன் சேர்த்தால், ஆண்டுக்கு மூன்று தலைமுறைக்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். அவசரப்பட்டு நான்கைந்து இறால்களை மட்டும் மிச்சம் வைத்தால் நெருங்கிய உறவுக் கலப்பால் வம்சம் நலிவடையும். இருபது முப்பதாவது இருக்கட்டும். வேறிடத்தில் வளர்ந்த அதே தரத்து இறால்களை அவ்வப்போது சேர்ப்பது நல்லது என்றாலும், அவற்றின் குஞ்சுகளைத் தனித்தொட்டியில் பார்த்த பிறகே முதன்மைத் தொட்டிக்குள் விட வேண்டும்.

கழித்தவற்றை நண்பர்களுக்குக் கொடுக்கலாம். குளத்திலோ வாய்க்காலிலோ விடக் கூடாது.