தேய்ந்த எண் பேசும்: ராணுவ இரும்பை அடையாளம் காண ஒரு வழி

வேலூரைச் சுற்றிப் பட்டாளத்துக் குடும்பங்கள் ஏராளம். கம்மவான்பேட்டைக்கு ராணுவ கிராமம் என்றே பெயர். அதனால் இங்குள்ள பழைய இரும்புக் கடைகளில் ராணுவச் சாமான் எதையாவது கண்டால் அவசரப்பட்டு உருக்க விடாதீர்கள்.

முதலில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல், எடையும் குறைவாக, நெருக்கமாக ரிவெட் அடித்திருந்தால் விமானப் பாகமாக இருக்கலாம். போல்ட்டின் தலையில் கம்பி கோக்கும் சிறு துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிர்வில் கழன்றுவிடாமல் விமானங்களில் அப்படிக் கட்டுவார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்வது சாமானில் பொறித்த எண்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, எழுத்தும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸ் தூளைத் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழும்பி வரும். 13 இலக்கம் இருந்தால் அது நேட்டோ முறைப்படி ராணுவப் பொருள்களுக்குத் தரும் சரக்கு எண்ணாக இருக்கலாம். அதன் முதல் இரண்டைப் பாருங்கள்: 15 என்றால் விமான உடல், 16 விமான உதிரி, 25 வண்டி உதிரி. ஐந்தாவது, ஆறாவது இலக்கங்கள் நாட்டைச் சொல்லும். 99 பிரிட்டன், 72 இந்தியா. ரஷ்ய எழுத்து கண்ணில் பட்டால், சோவியத் தயாரிப்பான மிக் (MiG) போர் விமானத்தையும் நினைவில் வையுங்கள்.

பழைய மீட்டர்களின் முள்ளைச் சுரண்டாதீர்கள், ரேடியம் பூச்சு இருக்கலாம். குண்டு போலத் தெரிந்தால் தொடாமல் விலகி நின்று 112-க்கு அழையுங்கள்.