அப்பாவும் அம்மாவும் மட்டும் சூப்பர் ஹீரோ படத்துக்கு: டெல்டாக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதியம் 2.30 காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, "அஞ்சரைக்கெல்லாம் வந்துடுவோம்" என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாயியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து முளைப்பவை. இந்த வகைப் படங்கள் நீளமானவை. 2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 181 நிமிடம் ஓடியது. அதோடு விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்ந்தால் தியேட்டருக்குள்ளேயே மூன்றரை மணி நேரம் போய்விடும். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் வருகிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்து, போக ஒன்றேகால், வர ஒன்றேகால் மணி வைத்துக்கொள்ள வேண்டும். ஆக ஆறு மணி நேரம். வாசல்படி இறங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை கணக்குப் போட்டு, அந்த நேரத்தைத்தான் வீட்டில் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவுக் காட்சிக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டெல்டாவில் இது சரிப்படாது. கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ் ஒன்பது மணிக்கு மேல் அரிது. வண்டியில் போனால் வேறு சிக்கல். குறுவை அறுப்பு நடக்கும் செப்டம்பர், அக்டோபரிலும், சம்பா அறுப்பு நடக்கும் ஜனவரி, பிப்ரவரியிலும் பாதிச் சாலையில் நெல் காயும். இரவில் அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். எதிர்வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது அந்தக் கல் தெரியாது. சிதறிக் கிடக்கும் நெல்மணியில் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். எனவே மேட்னியே நல்லது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி வீட்டுக்கு வந்துவிடலாம்.

மேட்னிக்கு ஒரு குறை உண்டு. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஏசியில் போய் உட்கார்ந்தால், சண்டை தொடங்குவதற்குள் கண் சொருகிவிடும். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் பெற்றோருக்குத் தூக்கக் கடன் வேறு இருக்கும். பன்னிரண்டரைக்கே பாதி வயிறு சாப்பிடுங்கள். படம் விட்ட பிறகு இட்லியும், அதற்குத் தொட்டுக்கொள்ளப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கடப்பாவும், ஒரு டிகிரி காபியும் சாப்பிட நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இருவரும் பேசிக்கொள்ளப் போவது அந்த அரை மணி நேரத்தில்தான். அதை அவசரப்படுத்தக் கூடாது; வீட்டில் சொல்லும் ஆறு மணி நேரத்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை தூங்கும்போது நழுவிவிடுவது இன்னொரு தவறு. விழித்ததும் தேடி அழும்; அடுத்த முறை நீங்கள் செருப்பு மாட்டினாலே பயப்படும். "படத்துக்குப் போறோம், விளக்கு வச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சு வருவோம்" என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். எடுத்து வைத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில்தான் நான்கு மணி நேரம் தாங்கும். சித்திரை, வைகாசியில் நம் வீட்டு அறைகள் அந்த அளவில் இருப்பதில்லை. ஆகவே ஃபிரிட்ஜின் உட்பக்கம் வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். அடுப்பில் சூடாக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கச் சொல்லுங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கிளம்பும் நிமிடத்தில் ஒருமுறை ஊட்டிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் இடைவேளைக்குள் தாய்க்குப் பால் கட்டி வலிக்கும்.

போனை முழுதாக அணைப்பதும் தவறு, ஒலிக்கவிடுவதும் தவறு. 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் வீட்டு எண்ணை மட்டும் விலக்காகச் சேர்த்து, அதிர்வில் சட்டைப்பையில் வையுங்கள். பழைய தியேட்டர்களின் தடித்த சுவருக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். எனவே இடைவேளையில் வெளியே வந்து நீங்களே கூப்பிடுவதாகச் சொல்லிவையுங்கள். பக்கத்து வீட்டு எண்ணையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

படத்தைத் தேர்வு செய்வதிலும் கவனம் வேண்டும். ஒருவர் அந்தப் படத் தொடரை முழுக்கப் பார்த்தவர், மற்றவர் ஒன்றுகூடப் பார்க்காதவர் என்றால், "இவன் யாருங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே படம் போய்விடும். கடைசியாக வந்த ஒரு பாகத்தை முந்தின நாள் சேர்ந்து பார்த்தால் போதும். தமிழா ஆங்கிலமா என்பதை முன்பதிவின்போதே பாருங்கள். நேரத்தை மட்டும் பார்த்து அமுக்கிவிட்டு, வாசலில் தெரிந்து விழிப்பவர்கள் நிறைய. 3டி கண்ணாடி திரை வெளிச்சத்தைக் கணிசமாகக் குறைக்கும். பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்து மூக்கை அழுத்தும், தலை வலிக்கும். அவர்களுக்குச் சாதாரண 2டியே மேல்.

விட்டுப்போக ஆளில்லை என்று பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். யுஏ இப்போது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பெற்றோர் முடிவெடுக்க உதவும் எச்சரிக்கை அது. ஏ என்றால் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அனுமதியே கிடையாது. சூப்பர் ஹீரோ படம்தானே என்று நம்பிப் போகக் கூடாது. 2024-இல் வந்த 'டெட்பூல் & வுல்வரின்' இங்கே ஏ சான்றிதழோடுதான் ஓடியது. கைக்குழந்தைக்கு எந்தச் சான்றிதழும் பொருந்தாது. அந்தச் சத்தம் அதன் காதுக்கு ஆகாது.

இருக்கை, திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, வரிசையின் நடுவில் இருக்கட்டும். படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பெயர்கள் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் ஒரு காட்சியும், எல்லாம் ஓடி முடிந்தபின் இன்னொன்றும் வருவது இப்படங்களின் வழக்கம். விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தாலும் உட்கார்ந்திருங்கள். அதற்குள் வண்டி நிறுத்துமிடத்து நெரிசலும் குறைந்துவிடும்.

வீட்டில் ரசிகன் ஒருவன் காத்திருப்பான். சண்டைகளைச் சொல்லுங்கள், யார் சாகிறார் என்பதைச் சொல்லிவிடாதீர்கள்.