பழங்குடிக் குழந்தைகள் நலன்: ஊரோடு சேர்ந்து ஆய்வு நடத்துவது எப்படி?

ஒரு பழங்குடி ஊருக்குப் போய் "சர்வே எடுக்க வந்திருக்கோம்" என்று சொன்னால், "போன தடவை எடுத்துட்டுப் போனவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வைத்திருப்பதுதான் ஒருங்கிணைப்பாளரின் வேலையில் பாதி.

இந்த விளக்கம் 8 ஊர்கள், 8 முதல் 18 வயது வரை சுமார் 120 குழந்தைகள் என்ற அளவுக்கானது. நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்தை மனதில் வைத்து எழுதியது. ஜவ்வாது மலைக்கோ கல்வராயனுக்கோ போகிறவர்கள் காலக்கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மாதிரி அளவைக் கணக்கிடுவது, புள்ளியியல் சோதனைகள் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன, இங்கே இல்லை.

படி 1: யாரிடம் கேட்பது

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (அரசியலமைப்பு தனி நிர்வாகம் வகுத்த பழங்குடிப் பகுதி) எதுவும் கிடையாது. அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கே செல்லாது, ஊராட்சியின் கிராம சபைதான் இருக்கிறது. பழங்குடியினர் சிறுபான்மையாக இருக்கும் ஊராட்சியில் அந்தச் சபையின் தீர்மானம் தாளில் அனுமதி தரும், ஊருக்குள் தராது. தோடர் மந்து, கோத்தர் கோக்கால், இருளர் பதி என்று அவரவர் குடியிருப்பில் தனித்தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். ஊர்த் தலைவரான மூப்பன் தலையாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கூட்டத்தில் ஆண்கள் பேசுவார்கள், குழந்தைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் பின்வரிசையில் இருப்பார்கள். பெண்களோடு வேறொரு நாள் தனியாக உட்காருங்கள்.

குறைந்தது இரண்டு கூட்டங்கள், நடுவில் இரண்டு வார இடைவெளி. முதல் கூட்டத்தில் படிவமே கூடாது. "குழந்தை நல்லா இருக்குதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டே இருங்கள். எடை, உயரம், மதிப்பெண் ஆகியவற்றோடு வேறு சிலவும் வரும்: பாட்டி பேசும் மொழி பேத்திக்கு வருகிறதா, விடுதியில் பயமில்லாமல் தூங்குகிறதா, தாத்தாவோடு காட்டுக்குப் போகிறதா. இவைதான் பிறகு கேள்விகளாக மாறும்.

இரண்டாம் கூட்டத்தில் ஒரு பக்க ஒப்பந்தம். யார் தரவை வைத்திருப்பார்கள், யார் பார்க்கலாம், அறிக்கை வெளியாகுமுன் ஊர் எத்தனை நாள் படித்துப் பார்க்கும் (30 நாள் கொடுங்கள்), ஊரின் பெயர் அச்சில் வருமா, ஊர் நடுவில் விலகினால் அதுவரை எடுத்ததை என்ன செய்வது. கனடாவின் முதற்குடிகள் 1998லேயே இதை நான்கு சொல்லில் வகுத்துவிட்டார்கள்: உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். கடைசிச் சொல்லைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கோப்பு உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருந்தால் மற்ற மூன்றும் பேச்சோடு நின்றுவிடும்.

அங்கே ஒன்டாரியோவின் மனிடூலின் தீவில் உள்ள விக்வெம்கூங் சமூகம், பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 8 முதல் 18 வயதினருக்காக 62 கேள்விகள் கொண்ட ஒரு நல அளவுகோலை உருவாக்கியது. குழந்தை டேப்லெட்டில் தானே பதில் சொல்லும். தமிழாக்கிப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். அதன் கேள்விகள் அந்தக் குழந்தைகளோடு பேசிப் பிறந்தவை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வழிமுறையை.

படி 2: ஆட்கள், நாட்கள்

இரண்டு இணைகள், அதாவது நான்கு களப்பணியாளர்கள். நால்வரும் அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள், பிளஸ் டூ போதும். ஒருவர் தம் சொந்த ஊரில் பேட்டி எடுக்கவே கூடாது. சிறிய ஊரில் எல்லோரும் சொந்தம், அத்தையிடம் எந்தக் குழந்தையும் அப்பாவின் குடியைப் பற்றிப் பேசாது. ஊர்களை மாற்றி விடுங்கள்.

ஓர் இணை நாளுக்கு 5 குழந்தைகள், அதற்கு மேல் தரம் இறங்கும். கணக்குப்படி 12 களநாட்கள், திட்டத்தில் 18 என்று போடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர் மழையைத் தவிருங்கள். காப்பி பறிப்பு, தேனெடுப்புக் காலங்களில் பெரியவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். மாலை 5 மணிக்குள் திரும்பிவிட வேண்டும், யானை வழித்தடத்தில் அதற்கு மேல் நடக்கக் கூடாது. கூட்டத்துக்கு வருபவர்கள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். அன்றைய கூலியைக் கொடுக்க வரவுசெலவுத் திட்டத்தில் முதலிலேயே ஒரு வரி எழுதுங்கள். டீ, பிஸ்கட் அதற்கு ஈடாகாது.

படி 3: சம்மதம் (இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்)

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, 18 வயதுக்குக் கீழ் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதோடு 7 முதல் 12 வரை குழந்தையின் வாய்மொழி இசைவு, 12 முதல் 18 வரை எழுத்து இசைவு. பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னால் கைரேகை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இவை எல்லாவற்றுக்கும் முன்பு. வெளிநாட்டுக் கூட்டோ பணமோ இருந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு வேறு. மாதங்கள் ஓடும்.

ஊர் 'சரி' சொன்னதால் பெற்றோர் 'சரி' சொன்னதாக ஆகாது. பெற்றோர் சொன்னதால் குழந்தை சொன்னதாகவும் ஆகாது. மூன்றையும் தனித்தனியாக, இந்த வரிசையில் கேளுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சடித்ததோடு நிற்காதீர்கள். பணியர், பெட்டக் குரும்பர், காட்டுநாயக்கர் என ஒவ்வொருவர் வீட்டிலும் பேசுவது வேறு மொழி. இரண்டு நிமிட ஒலிப்பதிவாக அந்தந்த மொழியில் எடுத்து, போட்டுக் காட்டி, பிறகு "நாங்க என்ன செய்யப் போறோம், உங்க வாயால சொல்லுங்க" என்று கேளுங்கள். திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் புரியவில்லை என்று பொருள்.

அடுத்தது ரகசியம். பல படிவங்களில் "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின்படி குற்றம். அதனால் வரியை இப்படி மாற்றுங்கள்:

"நீ சொல்றதை உன் வீட்லயும் ஸ்கூல்லயும் சொல்ல மாட்டோம். ஆனா உனக்கு யாராவது கெடுதல் செய்றாங்கன்னு தெரிஞ்சா, உனக்கு உதவி கிடைக்கிறதுக்காக அதைச் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவோம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம விடலாம்."

18 வயதுக்கு முந்தைய திருமணம், கர்ப்பம் பற்றிக் கேள்வி வைத்தாலும் இதே சட்டம் ஊருக்குள் நுழையும். பதிலை வைத்து நல்லது செய்யத் திட்டம் இல்லை என்றால் அந்தக் கேள்வியையே வைக்காதீர்கள். தற்கொலை எண்ணம், அடி, பசி போன்ற பதில் வந்தால் அன்று மாலைக்குள் பார்க்கப்போகும் ஆள் யார் என்று முதல் நாளுக்கு முன்பே பெயர் எழுதியிருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எல்லோர் கைப்பேசியிலும் சேமித்து வையுங்கள், ஆனால் சிக்னல் இல்லாத ஊருக்கு அது மட்டும் போதாது.

படி 4: கேள்விகள்

"எப்போதும், அடிக்கடி, சில சமயம், அரிதாக, இல்லவே இல்லை" என்ற ஐந்து படிகளை 9 வயதுக் குழந்தையிடம் நீட்டினால், எல்லாவற்றுக்கும் முதல் பதிலையே சொல்லும், அல்லது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும். சிரிப்பு முகப் படமும் அவ்வளவாக உதவுவதில்லை, அழகான முகத்தையே தொடுவார்கள். புளியங்கொட்டை நல்ல வழி. ஏழு கொட்டை, ஒரு கொட்டாங்கச்சி. "போன வாரம் எவ்வளவு நாள்?" என்றால் அவ்வளவு கொட்டை போட வேண்டும்.

தொடங்குமுன் பதில் உங்களுக்கே தெரிந்த மூன்று பயிற்சிக் கேள்விகள்: "போன வாரம் ஸ்கூல் எத்தனை நாள்?", "இன்னைக்கு மழை பெஞ்சுதா?", "நீ பஸ் ஓட்டுவியா?" மூன்றுக்கும் ஏழு கொட்டையும் விழுந்தால், அந்தக் குழந்தைக்கு முறை புரியவில்லை அல்லது பயப்படுகிறது. நிறுத்திவிட்டுப் பல்லாங்குழி ஆடுங்கள், வேறொரு நாள் வாருங்கள்.

மொழிபெயர்ப்பை ஒருவர் செய்ய, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பித் தமிழாக்க வேண்டும். "மன அழுத்தம்" போன்ற சொல் எங்கும் உயிரோடு திரும்பி வராது. "ராத்திரி தூக்கம் வராம முழிச்சிருந்தியா" வரும்.

படி 5: வயது, உயரம், இரத்தம்

8 வயதில் ஒரு குழந்தை ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும். அந்த வயதில் உயரத்தின் திட்ட விலக்கமும் (சராசரியிலிருந்து குழந்தைகள் வழக்கமாக விலகும் அளவு) ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக, வயதை ஒரு வருடம் கூட்டி எழுதிவிட்டால், சரியாக வளரும் குழந்தை கணக்கில் ஒரு திட்ட விலக்கம் குட்டையாகிவிடும். பிறந்த தேதிகளில் ஜனவரி 1, ஜூன் முதல் வாரம் என்று குவிந்திருந்தால் பள்ளிக்காகப் போட்ட தேதி என்று சந்தேகப்படுங்கள். அதற்கு நிகழ்வு நாட்காட்டி: 2009 நவம்பர் நிலச்சரிவு, 2011, 2016 சட்டமன்றத் தேர்தல்கள், 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனது, அடுத்த மாதமே ஜெயலலிதா மறைவு. "அதுக்கு முன்னாடியா பின்னாடியா? மழைக்காலமா?" என்று கேட்டால் சில மாத வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம்.

உயரத்தை இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். வித்தியாசம் 7 மில்லிமீட்டருக்கு மேல் போனால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். பின்னலையும் ரிப்பனையும் அவிழ்க்க மறந்தால் 2 சென்டிமீட்டர் எளிதாகக் கூடும். எடைக்கருவியைச் சமதளத்தில் வைத்து, தெரிந்த எடையால் தினமும் காலையில் சோதியுங்கள். மண் தரையானால் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு போங்கள். கணக்கிட உலக சுகாதார நிறுவனத்தின் ஆந்த்ரோ ப்ளஸ் மென்பொருள், இலவசம்.

இரத்தம் எடுப்பதாக இருந்தால் நிதானம். இந்தியாவில் அரிவாள் அணு இரத்தசோகை (பரம்பரையாக வரும் இரத்த நோய்) முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ஹீமோகுளோபின் குறைவு என்றதும் இரும்புச்சத்து மாத்திரை என்று எழுதிவிடக் கூடாது. முடிவை யாரிடம், எப்படிச் சொல்வது என்பதும் பெரிய விஷயம். கடத்தி (நோயின் மரபணுவைச் சுமப்பவர்) என்ற சொல் நாலு பேர் காதில் விழுந்தால் கல்யாணப் பேச்சு வரை போகும். சிகிச்சைக்கு வழி செய்யாமல் ஊசியை எடுக்காதீர்கள்.

படி 6: கருவி

களத்தில் இணைய இணைப்பு வேண்டாத படிவக் கருவியான கோபோ டூல்பாக்ஸ்தான் எங்கள் தேர்வு. கூகுள் ஃபார்ம்ஸை மலையில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒலிப்பதிவை இணைக்கலாம், படிவ எக்செலில் அதற்கென ஒரு நெடுவரிசை உண்டு. ஜிபிஎஸ் கேள்வியை நீக்குங்கள். வன உரிமை மனு நிலுவையில் இருக்கும் ஊரின் வீடுகளை வரைபடத்தில் குத்தி வைப்பது உங்கள் வேலை இல்லை. பெயரும் அடையாள எண்ணும் இருக்கும் பட்டியல் தாளில், பூட்டிய பெட்டியில். பதில் கோப்பில் எண் மட்டும். சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதையும். தரவு இறக்குமதி வழியாக, யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துத் திறவுங்கள்.

படி 7: திருப்பிச் சொல்வது

கட்டுரை வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது. களவேலை முடிந்து 3 மாதத்துக்குள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு கூட்டம், அவர்கள் மொழியில், புள்ளிவிவரப் படங்களுக்குப் பதில் கொட்டைக் குவியல்களாக. 5 குழந்தைகளுக்குக் குறைவான எந்த எண்ணிக்கையும் அட்டவணையில் வரக் கூடாது. 12 வீடு உள்ள ஊரில் "14 வயதுப் பெண், பள்ளியை நிறுத்தியவர்" என்று எழுதினால் அது பெயர் எழுதியதற்குச் சமம். ஊர் ஒரு முடிவை மறுத்தால் அந்த மறுப்பையும் அறிக்கையில் அச்சடியுங்கள்.

பின்சேர்க்கை, உண்டு உறைவிடப் பள்ளி பற்றி: வாசகர்கள் சிலர் கேட்டதால் சேர்த்தது. தலைமை ஆசிரியரின் கையெழுத்து, துறையின் அனுமதி இரண்டும் உள்ளே போவதற்கு மட்டுமே, பெற்றோர் சம்மதத்துக்கு மாற்று ஆகாது. பெற்றோர் ஊரில் இருப்பார்கள். எனவே மே விடுமுறைக்கு முன்பே பட்டியலை எடுத்து, குழந்தை வீடு வந்திருக்கும்போது பெற்றோர் சம்மதம், குழந்தை இசைவு, பேட்டி மூன்றையும் ஊரிலேயே முடியுங்கள். விடுதியைப் பற்றிய கேள்விக்கு விடுதிக்குள் உண்மையான பதில் வராது, காப்பாளர் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருப்பார்.