ஆர்சி ட்ரக்கில் கியர்ச் சத்தம்: எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது

ஆர்சி ட்ரக், அதாவது ரிமோட்டால் ஓட்டும் சின்ன ட்ரக், கரகரக்கத் தொடங்கியதும் பலர் கை வைப்பது கியர்ப் பெட்டியில். அது கடைசியாகத் திறக்கவேண்டியது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கிறவல் ஒழுங்கைகளிலும் குளக்கட்டுகளிலும் ஓடும் ட்ரக்குகளில் சத்தம் பெரும்பாலும் புழுதி நேரே படும் இடங்களில்தான் பிறக்கிறது. மோட்டர் அச்சிலுள்ள சின்னப் பற்சில்லான பினியனும் அது சுழற்றும் பெரிய ஸ்பர் பற்சில்லும் கடிபடும் இடம், சில்லுப் பெயாரிங்குகள், ட்ரைவ் சாஃப்ற் மூட்டுகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே போனால் பாதி வேலை மிச்சம்.

முதலில் காது

சேசிஸின் நடுவை ஒரு மரக்கட்டையில் ஏற்றி, நான்கு சில்லும் நிலத்தில் படாமல் வையுங்கள். த்ரொட்டிலைக் கால்வாசிக்கு மேல் அழுத்தவேண்டாம். சுமையில்லாமல் முழு வேகத்தில் சுற்றினால் ரயர் விரிந்து றிம்மிலிருந்து பிய்ந்துபோகும். சாரத்தின் நுனி, நீண்ட தலைமுடி, தொங்கும் வயர் எதுவும் கிட்ட வரக்கூடாது.

வேகம் கூடக் கூடக் கூர்மையாகும் கூவல் என்றால் பினியனும் ஸ்பரும் இறுக்கமாகக் கடிக்கின்றன. த்ரொட்டிலைச் சட்டென்று அழுத்தும்போது மட்டும் ‘கடகட’ என்றால் எங்கோ பல் தாவுகிறது. ஸ்பராக இருக்கலாம், டிஃபின் (திரும்பும்போது இரு பக்கச் சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல்) பெரிய பற்சில்லான கிரவுனாகவும் இருக்கலாம். திரும்பும்போது மட்டும் வந்தால் ட்ரைவ் சாஃப்ற் மூட்டு, அல்லது டிஃபுக்குள் இருக்கும் சின்னப் பற்சில்லுகள். கையால் மெல்ல உருட்டும்போதே ‘கரகர’ என்று விரலில் உணர்ந்தால் பெயாரிங். சென்சர் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டர் புறப்படும்போது திக்கித் திக்கி அதிர்வது வேறு விஷயம். மிகக் குறைந்த வேகத்தில் மோட்டருக்குள் சுற்றும் ரோட்டர் எங்கே நிற்கிறது என்று மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்குத் தெரியாததால் வருவது அது. அதற்காகக் கியரைக் கழற்றுவது வீண்.

ஒழுங்கான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்றால் அது எதனுடைய சுற்றோடு சேர்கிறது என்று பார்க்கவேண்டும். ஒரு சில்லிலும் ஸ்பரிலும் சோக்கட்டியால் கோடு போட்டு, பின்சில்லுகள் இரண்டையும் சேர்த்து மெதுவாகச் சுற்றுங்கள். உதாரணத்துக்கு, ட்ரக்சஸ் ஸ்லாஷ் என்ற இருசில்லு உந்து ட்ரக்கின் கியர்ப் பெட்டி விகிதம் 2.72. அதாவது பின்சில்லுகள் ஒருமுறை சுற்ற ஸ்பர் ஏறத்தாழ இரண்டே முக்கால் முறை சுற்றும். சத்தம் சில்லின் கோட்டோடு வந்தால் கோளாறு அச்சு, டிஃப் பக்கம். ஸ்பரின் கோட்டோடு வந்தால் அதில் ஒரு பல் உடைந்திருக்கிறது, அல்லது பல்லிடையில் கல் இறுகியிருக்கிறது.

பிரித்துப் பார்த்தல்

பற்றறியைக் கழற்றி அப்பால் வையுங்கள். மோட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குறூவையும் தளர்த்தி, பினியன் ஸ்பரில் படாத தூரத்துக்கு மோட்டரை நகர்த்துங்கள். இப்போது கையால் சில்லைச் சுற்றும்போதும் சத்தம் இருந்தால் கோளாறு ஸ்பருக்குப் பின்னால். இல்லாவிட்டால் மோட்டர், பினியன், ஸ்பர் ஆகிய மூன்றுக்குள் ஒன்று. பற்றறியை மறுபடி மாட்டி மோட்டரை மட்டும் ஓரிரு விநாடி மெதுவாக ஓட்டினால் அதன் பெயாரிங் உறுமுகிறதா என்று தெரிந்துவிடும். நாற்சில்லு உந்து ட்ரக்கில் நடு சாஃப்றைக் கழற்றிவிட்டு முன்னையும் பின்னையும் தனித்தனியே சுற்றிப் பாருங்கள்.

பினியனும் ஸ்பரும்

முறைப்பாடுகளில் பெரும்பகுதி இங்கேதான் முடியும். அதனால் பொறுமையாகச் செய்யவேண்டிய வேலையும் இதுதான்.

பற்களைத் தூரிகையால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பினியனின் பல் இரு பக்கமும் ஒரே வடிவில் இருக்கவேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து சுறாச் செட்டைபோலக் கூராகியிருந்தால் அதன் காலம் முடிந்தது. உருக்குப் பினியன் பிளாஸ்ரிக் ஸ்பரில் தேயுமா என்று கேட்கலாம். தேயும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் பறக்கும் மணல் துணிக்கைகள் மென்மையான பிளாஸ்ரிக்கில் பதிந்துகொள்கின்றன; பிறகு ஸ்பர்தான் பினியனை அராவுகிறது. ஆகவே தேய்ந்த பினியனோடு புது ஸ்பரைப் போடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இதே காரணத்தால் வெளியே திறந்திருக்கும் பற்களுக்குக் கிறீஸோ ஒயிலோ பூசவே கூடாது. இரண்டு நாள் சத்தம் குறையும், அதன் பிறகு பிடித்த மணல் அரைக்கத் தொடங்கும்.

வாங்கும்போது பிற்ச், அதாவது பல்லின் அளவு, பொருந்தவேண்டும். 48 பிற்ச் ஸ்பருக்கு 48 பிற்ச் பினியன்தான். மெற்றிக் பல் அளவான 0.6 மொடியூல் பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஆனால் சேராது. ஊளையிட்டுப் பல்லைத் தின்னும். 32 பிற்சும் 0.8 மொடியூலும் மிக நெருங்கியவை என்பதால் அவற்றைக் கலந்து ஓட்டுகிறார்கள், பிரச்சினை வருவதில்லை. உண்மையான வாகனத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள பெரிய ட்ரக்குகளில் வருவது பெரும்பாலும் மொடியூல் 1.

பினியனைப் பிடிக்கும் தலையில்லாத சின்ன ஸ்குறூ, மோட்டர் அச்சின் தட்டையான பக்கத்தில் இருக்கவேண்டும். வட்டமான பக்கத்தில் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். அந்த ஸ்குறூ 3 மி.மீ. என்றால் 1.5 மி.மீ. அலன் கீ, 4 மி.மீ. என்றால் 2 மி.மீ., 5 மி.மீ. என்றால் 2.5 மி.மீ. தேய்ந்த கீயைப் போட்டுத் திருகினால் துளை உருண்டு, பினியன் கழராமலே போகும். ஸ்குறூ இளகாமல் பிடிக்கும் நீல நிறத் திரெட்லொக் பசை ஒரு துளி விடுங்கள். உலோகம் உலோகத்தில் ஏறும் இடத்துக்கு மட்டும். பிளாஸ்ரிக்கில் பட்டால் அந்தப் பிளாஸ்ரிக்கில் வெடிப்பு விழும்.

இடைவெளிக்கு அப்பியாசக் கொப்பித் தாள் போதும். ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, இரண்டு பற்சில்லுகளின் பற்களுக்கும் இடையில் வைத்து, மோட்டரை ஸ்பரோடு அழுத்திப் பிடித்தபடி ஸ்குறூக்களை இறுக்குங்கள். பிறகு ஸ்பரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் மடிப்பு விழுந்திருக்கவேண்டும், கிழிந்திருக்கக்கூடாது. பினியனை அசையாமல் பிடித்து ஸ்பரை ஆட்டினால் மிகச் சிறிய ‘டிக்’ மட்டும் கேட்கவேண்டும். இதை ஸ்பரின் ஒரு இடத்தில் பார்த்தால் போதாது. பிளாஸ்ரிக் ஸ்பர் முழு வட்டமாக இருப்பது அரிது, ஆகவே கால் சுற்றுக்கு ஒருமுறையாக நான்கு இடத்தில் பாருங்கள். எங்கே ஆக இறுக்கமோ அந்த இடத்துக்கே இடைவெளியை வையுங்கள்.

பெயாரிங்

ஒவ்வொரு சில்லையும் மேல் கீழாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், அல்லது சுற்றும்போது விரலில் பொருபொருவென்று பட்டால் கழற்றவேண்டும். எதுவென்று தெரியாவிட்டால் நீண்ட ஸ்குறூட்றைவரின் நுனியைப் பெயாரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து, மற்றவரைச் சில்லைக் கையால் சுற்றச் சொல்லுங்கள்.

கூரான கத்தி நுனியால் உள்விளிம்பிலிருந்து றப்பர் மூடியை நெம்பி எடுங்கள். பெயாரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் கழுவி, துணியில் தட்டி உலரவிடுங்கள். தின்னரில் போட்டால் றப்பர் வீங்கிவிடும். காற்றுப் பம்பால் ஊதிச் சுழற்றவேண்டாம். உலர்ந்த பின்னும் நொருநொருத்தால் எறிந்துவிடுங்கள். சுத்தமாகச் சுற்றினால் கொஞ்சம் கிறீஸ் வைத்து மூடியைப் பொருத்துங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையிலோ நந்திக்கடல் ஓரத்திலோ ஓட்டியிருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து ஒயில் விடவேண்டும். உப்பு நாட்கணக்கில் காத்திருக்காது.

அளவு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்ற ஒழுங்கில் எழுதப்படும். பத்தில் ஒரு பங்கு அளவு ட்ரக்குகளில் 5×11×4, 10×15×4 மி.மீ. அதிகம். மோட்டார்சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் இவ்வளவு சின்னது கிடைப்பது அரிது. வேணியரால் அளந்து ஒரு செற்றை முன்கூட்டியே எடுப்பித்து வையுங்கள்.

டிஃப், சாஃப்ற், ஸ்லிப்பர்

சாஃப்ற் மூட்டில் இருக்கும் ‘பின்’ என்ற உலோக முளை தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் அந்த முளையையும் அது அமரும் கிண்ணத்தையும் மாற்றுங்கள். சுமை கூடும்போது வழுக்கிப் பற்களைக் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச், ட்ரக் புறப்படும்போது அரை மீற்றர் தூரத்துக்குக் கீச்சிடுவது சரி. அதற்கு மேல் நீண்டால் நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

டிஃபைத் திறக்கவேண்டி வந்தால் இரண்டு விஷயம். முதலாவது, ஒயில் கசிந்து உள்ளே உலர்ந்திருந்தால் திருப்பத்தில் கடகடக்கும். சிலிக்கன் ஒயிலை நடுவில் இருக்கும் குறுக்கு முளை மூடும் மட்டத்துக்கு விட்டு, குமிழி அடங்கிய பிறகு மூடுங்கள். எத்தனை தடிப்பான ஒயில் என்பதை ட்ரக்கோடு வந்த கையேடு சொல்லும். இரண்டாவது, கிரவுனும் அதன் பினியனும் விலகியிருந்தால் அழுத்தும்போது பல் தாவும். கிரவுனின் பல்லில்லாத முதுகுப் பக்கத்தில் 0.1 அல்லது 0.2 மி.மீ. வாசர் ஒன்றை வைத்தால் கிரவுன் பினியனை நோக்கி நகரும். ஒரேயடியாக இரண்டு போடாதீர்கள். ஒன்று வைத்து, கூட்டை மூடி, கையால் சுற்றி இறுக்கம் இல்லையென்று கண்ட பிறகே அடுத்தது.

புது ஸ்பர் போட்டிருந்தால் ஐந்து நிமிடம் அரை வேகத்தில் ஓட்டிவிட்டு நிறுத்தி, மோட்டர் ஸ்குறூக்களையும் தாள் இடைவெளியையும் மறுபடி பாருங்கள். முதல் ஓட்டத்தில் மோட்டர் ஸ்குறூ இளகி இடம் மாறுவது வழமை.